கருவி எழுதிய கோட்டைக் கையால திருத்தலாமா?

நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்த சின்னச் செயலியில், திருத்தி முடித்த பிழை ஒன்று இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பவும் வந்து நின்றது. குழுவுக்குப் புதிதாக வந்தவர்தான் எதையோ குழப்பிப்போட்டார் எண்டு எல்லாரும் அவரைத்தான் பார்த்தம்.

உண்மையில் அவர் செய்தது சரியான வேலை. தரவின் வடிவத்தைச் சொல்லும் புரோட்டோ கோப்பில் புது விபரம் ஒன்றைச் சேர்த்து, அதிலிருந்து ஜாவா கோட்டை உருவாக்கும் கட்டளையை ஓட்டினார். எங்களில் ஒருத்தர் முந்தி அந்த ஜாவா கோப்பையே கையால திருத்தியிருந்தார். கருவி அதைப் புதிதாக எழுதினபோது திருத்தம் காணாமல் போச்சுது.

கருவி உருவாக்கிய கோட்டைக் கையால தொடக்கூடாது. உருவாக்கும் வேலையையும் ஒரு ஆளின்ர ஞாபகத்தில விடக்கூடாது. பில்ட் ஓடும்போதே அது தானாக நடக்கவேணும். இதுதான் எங்கட நிலைப்பாடு.

இது புது யோசனை இல்லை. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்', கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, பழசானதை மட்டும் திரும்ப உருவாக்கும். 'யாக்' இலக்கண விதிகளை வாசித்து சி மொழியில் கோட் எழுதித் தரும். அதை எப்ப ஓட்டவேணும் எண்டதையும் மேக்கிடமே விடலாம். ஜாவாக்காரர் பாவிக்கிற மேவனில், கம்பைல் பண்ண முன்னம் இதற்கெண்டே ஒரு கட்டம் இருக்கு. உருவாகிற கோப்புகள் 'டார்கெட்' அடைவுக்குள் போகும். அவற்றை கிட் களஞ்சியத்தில் சேர்க்கத் தேவையில்லை.

மறுபக்கமும் இருக்கு. கோ மொழியில் 'கோ பில்ட்' கட்டளை, 'கோ ஜெனரேட்'டை ஓட்டாது. எழுதியவரே அதை ஓட்டி, வந்த கோட்டையும் சேர்த்துக் கொடுப்பார். பாவிக்கிற ஆளிட்ட அந்தக் கருவி இருக்கத் தேவையில்லை. நியாயமான காரணம்தான். ஆனால் அப்பவும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைச் சேவையகம் ஒருக்கா திரும்ப உருவாக்கி ஒப்பிடட்டும். வித்தியாசம் இருந்தால் பில்ட் அங்கேயே நிக்கட்டும். எல்லாரும் கருவியின் ஒரே பதிப்பைத்தான் பாவிக்கவேணும். இல்லாட்டி வித்தியாசம் சும்மாவே வரும்.

பில்ட் கொஞ்சம் மெதுவாகும்தான். அந்தச் சில விநாடிகள், பிழை செய்யாத ஒருத்தரில பழி போடுறதைவிட மலிவு.

நாங்கள் அவரிட்ட மன்னிப்புக் கேட்டம். பிறகு பில்ட் கோப்பில சில வரிகள் சேர்த்தம். அடுத்ததாக வாற ஆளுக்கு உதவப்போறது அந்த வரிகள்தான்.