கணினி அணைகிறதா? முதலில் சுவரைப் பாருங்கள்

 

எம் மதரஸாவில் ஓதும் சிறுவனின் தாயார் ஒருநாள் சொல்லியனுப்பினார். கணவர் வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தில், மூத்த மகளின் கல்லூரிப் படிப்புக்கென வாங்கிய கணினி, மஃரிபுக்குப் பின் தானாகவே அணைந்து மீண்டும் எழுகிறதாம். வந்து பார்த்த மெக்கானிக், மதர்போர்டு போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும் என்று கூறிச் சென்றுவிட்டாராம். “நம்பிக்கையான ஆள் யாரும் உண்டா ஹஜ்ரத்?” என்பது அவரது கேள்வி.

எனக்கு அறிமுகமான எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் கணினியைத் தொடவேயில்லை. “எந்த நேரத்தில் அணைகிறது?” என்று மட்டும் கேட்டார். “தம்பிகளின் சீருடைக்கு அயர்ன் போடும்போது” என்றாள் மகள். கணினிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் பிளக்கை உருவிப் பார்த்தால், சுவர் சாக்கெட்டின் துளைகள் கருகிப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. அதனருகே கடைக்குட்டியின் படுக்கைப் பாய்!

சாக்கெட்டை மாற்றி, இஸ்திரிப் பெட்டிக்கு வேறு லைன் கொடுத்ததும் குறை தீர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். அந்தப் பாயை நினைத்தால் இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது. ஆகவேதான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியை எஸ்.எம்.பி.எஸ். என்பர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துத் தருகிறது. மின்சாரம் தடைப்பட்டால் அது தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லி விநாடிகளே. பிளக் தளர்ந்து கணநேரம் தொடர்பு அறுந்தாலும் கணினி அணைந்துவிடுவது இதனால்தான்.

எனவே குறையை வெளியிலிருந்து உள்ளே தேடுங்கள்.

முதலாவது, அணையும் நேரத்தைக் குறித்துவையுங்கள். அப்போது ஃபிரிட்ஜோ, மோட்டாரோ, கிரைண்டரோ ஓடத் தொடங்கியதா? விளக்கு மங்கியதா? இவ்விரண்டு கேள்விகளே பாதி வழியைக் காட்டிவிடும்.

இரண்டாவது, எலக்ட்ரீஷியனைக் கொண்டு மீட்டர் போர்டிலும் கணினியின் சாக்கெட்டிலும் அழுத்தத்தை அளக்கச் செய்யுங்கள். சாதனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். இரண்டிலும் குறைவாக இருந்தால் குறை பெரும்பாலும் தெரு லைனில், மின்வாரியத்திடம் முறையிடுங்கள். சாக்கெட்டில் மட்டும் குறைந்தால் குறை உங்கள் வீட்டு ஒயரிங்கில். விளக்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பளீரென எரிந்தாலோ, நியூட்ரல் அறுந்திருக்கக்கூடும். அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கலாம். உடனே மெயினை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று தைக்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் நீக்காதீர்கள். சரிசெய்யும் வரை கணினியைப் பயன்படுத்த வேண்டாம்.

நான்காவதாகவே கணினிக்குள் வர வேண்டும். விளக்கே எரியவில்லையெனில் பின்புறச் சுவிட்சைப் பாருங்கள். பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன்பின் மெக்கானிக்கிடம், எஸ்.எம்.பி.எஸ்.ஸை அளந்து காட்டும்படி கேளுங்கள். 12 வோல்ட் என்பது 11.4க்குக் கீழோ 12.6க்கு மேலோ போகக்கூடாது. 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். அளவு தவறினால் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பெட்டியைத்தான். மதர்போர்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே. தேதியும் நேரமும் மட்டும் மாறிப்போகிறதெனில், 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

ஓர் எச்சரிக்கை. பிளக்கை உருவிய பின்னும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்கலாகாது.

ஸ்டெபிலைசர் வேறு, யு.பி.எஸ். வேறு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும். மின்சாரம் போனால் உதவாது. வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்கச் சில நிமிட அவகாசம் தருவது யு.பி.எஸ். அதில் இஸ்திரிப் பெட்டியையோ லேசர் பிரிண்டரையோ மாட்டாதீர்கள்.

உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நம் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். எண்ணெய் விளக்கு எரிந்த வீடுகளுக்குச் சொன்ன அந்த அறிவுரை, மின்சாரம் ஓடும் நம் வீடுகளுக்கும் எவ்வளவு பொருந்துகிறது! இன்றிரவு கணினியின் சுவர் சுவிட்சை அணைக்கும்போது, பிளக்கின் மீதும் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நாளைக் காலை முதல் வேலை எலக்ட்ரீஷியனை அழைப்பதுதான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.