பேழையிற் பூட்டிய விளையாட்டு

நம் கல்லூரியின் பழைய மாணவரும், விளையாட்டுப் பொருள்களைத் தேடித் தொகுப்பதையே ஓய்வுக் காலத் தொழிலாகக் கொண்டவருமான நண்பர் ஒருவர், தம் தொகுப்பு முழுவதையும் கல்லூரிக்கு அளிக்க எண்ணியுள்ளார். மரப்பாச்சிகள், அம்பாசமுத்திரத்துக் கடைசற் சொப்புகள், பனையோலைக் கிலுகிலுப்பைகள், பம்பரங்கள், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகள் எனப் பலவும் அதனுள் அடங்கும். அவர் வேண்டுவது ஒன்றே: அவற்றைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்துப் பூட்டி, ஒருவர் கையும் படாமற் காத்தல் வேண்டும். அன்பளிப்பை ஏற்பதில் எமக்குத் தடையில்லை, பூட்டின்மேல்தான் வழக்கு. அவ்வழக்கு, அவருடன் யாம் சென்ற ஒருநாட் பிரயாணத்தில் முளைத்ததாகலின் அதனை முதற்கண் கூறுவோம்.

இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் அம்மையார் சிறுவர்க்கு எழுதிய கதைகளில் மனம் பறிகொடுத்தோர், ஹில் டாப் என்னும் அவருடைய பண்ணை வீட்டை இன்றும் சென்று காண்கின்றனர். அவர் 1943-இல் மறைந்தார். 1946-இல் அவ்வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1904-இல் வெளிவந்த இரு குறும்பு எலிகளின் கதையில் வரும் பொம்மை வீட்டுச் சாந்துணவுகள் அங்கே உள்ளன. உண்ண இயலாத பொய்யுணவென்று கண்டு எலிகள் அவற்றை அடித்து நொறுக்கியதே கதை. நொறுங்கிய கதைக்குரிய பொருள் நொறுங்காமற் காக்கப்படுவது ஒரு வேடிக்கைதான். நண்பர்க்கோ அவ்வீட்டின்மேல் பெருங்காதல். “நம் நாட்டில் அத்தகைய இடம் ஏது?” என்று அவர் பெருமூச்செறிந்தபோது, “ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறதே!” என்றோம்.

பெரியாழ்வார் சிறுவர்க்காகப் பாடினாரல்லர். எனினும் தமிழில் குழந்தையின் நாளை அவரைப்போல் அணுவணுவாய்க் கண்டு பாடினார் முன்னர் இலர். தொட்டிலும், நிலவை அழைத்தலும், சப்பாணி கொட்டலும், தளர்நடையும், கண்ணிமையை மடக்கி அச்சுறுத்தும் அப்பூச்சி விளையாட்டும் அவர் திருமொழியில் உள. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழுக்கு வித்திட்டதும் அதுவே. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களாகிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன முழுவதும் விளையாட்டேயாதல் நோக்கத்தக்கது.

அதிகாலையில் ஊரை அடைந்து, பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கி, ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறும் நந்தவனத்தில் சிறிது நின்றோம். ஆங்கே நண்பர் நாச்சியார் திருமொழியைக் கையில் எடுத்தார். அதன் இரண்டாம் பதிகம், சிறுமியர் தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதையாதே என்று கண்ணனிடம் முறையிடுவது. முதுகு நோவ உட்கார்ந்து இழைத்தோம் என்கின்றனர் அச்சிறுமியர். தம் கருவிகளையும் சொல்கின்றனர்: வாய் வட்டமான தூதை, சுளகு, மணல். தொகுப்பாளர்க்கு இதனினும் இனிய பட்டியல் உண்டோ? தூதை என்பது சிறுமியர் சோறாக்கி விளையாடும் சின்னஞ்சிறு மட்கலம். உடனே ஒரு தூதை வாங்கியே தீர்வதென்று கடைதோறும் ஏறி இறங்கினார். எவரும் அச்சொல்லை அறிந்திலர். மட்பாண்டம் விற்ற முதியவர் ஒருவர் மட்டும் நெடுநேரம் யோசித்து, “சொப்புச் சட்டியா கேக்கறீங்க?” என்றார். பொருள் ஒருவாறு பிழைத்திருக்க, பெயர் மாண்டுபோயிற்று. நண்பர் சட்டியை வாங்கிப் பஞ்சில் பொதிந்தார். யாம் பால்கோவா வாங்கினோம்.

நண்பகலில் இராஜபாளையம் சேர்ந்தோம். சிறுவர்க்கென எழுதிய கொ. மா. கோதண்டம் அவர்களுக்குரிய ஊர் அது. அவரது ‘காட்டுக்குள்ளே இசைவிழா’ 2012-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரம் பெற்றது. மேற்கே திரும்பினால் மலைத்தொடர் கண்ணை நிறைக்கும். 1988-இல் சாம்பல்நிற அணிலுக்குச் சரணாலயமாகி, 2021-இல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்த காடு அம்மலைச்சாரலிலேயே உளது. இவ்வூரிலிருந்து சிறுவர்க்கு எழுதப் புகுவார் காட்டை நோக்காதிருத்தல் அரிது.

அவ்வூர்த் தெரு ஒன்றில் நிகழ்ந்ததே எம் வழக்கிற்கு மூலம். திண்ணையோரத்தில் ஒரு சிறுமி, சாயம் தேய்ந்த பழைய கடைசற் சொப்புகளைப் பரப்பி ஆடிக்கொண்டிருந்தாள். நண்பரின் கண்கள் விரிந்தன. இக்காலத்தில் அத்தகைய வேலைப்பாடு கிடைப்பதரிது என்று எம் காதில் ஓதி, அருகிருந்த பாட்டியாரிடம் நல்ல விலை கூறினார். அவர் சிரித்து, “எங்கிட்ட ஏன் ஐயா கேக்கறீங்க? அவளைக் கேளுங்க” என்றார். நண்பர் குனிந்து கேட்டார். சிறுமி நிமிர்ந்தும் பாராமல், “சோறு கொதிக்குது தாத்தா, இப்ப எடுக்கக் கூடாது” என்றாள். நண்பர் வாயடைத்து நின்றார். சிறிது நேரத்தில் அவருக்கும் ஒரு கை மணற்சோறு பரிமாறப்பட்டது. அவர் அதனை முறைப்படி உண்டார் என்பதையும் உள்ளவாறே எழுதுதல் கடன்.

அச்சொப்பு அன்று விலைக்கு வந்திருப்பின் இன்று பேழையில் ஓர் எண் பெற்றிருக்கும். கொதித்த சோறு எங்கே போயிருக்கும்? பனங்காய் இரண்டைக் கவட்டைக்கோலில் கோத்துச் சிறுவர் உருட்டும் நுங்கு வண்டியை எவரேனும் தொகுக்க இயலுமோ? சில நாளில் அது சுருங்கி உலரும். செய்யத் தெரிந்த கையும், உருட்டத் தெரு ஒன்றும் உள்ளவரை மட்டுமே அது உண்டு. ஆண்டாள் கால மணல்வீடு ஒன்றேனும் எஞ்சவில்லை. ஆயினும், ஆயிரம் ஆண்டு கடந்தும் அவ்விளையாட்டை யாம் அறிவது, ஆடியவள் வாய்மொழியாகவே அது எழுதப்பட்டமையால் அன்றோ?

நண்பரின் மறுப்பிலும் நியாயம் உண்டு. பிள்ளைகள் கையிற் கொடுத்தால் ஓராண்டில் ஒன்றும் மிஞ்சாது என்கிறார், மெய்யே. ஆதலின் ஈடற்ற பழம் பொருள்கள் பேழையிலேயே இருக்கட்டும். அவற்றின் மாதிரியாகப் புதியன அம்பாசமுத்திரத்தில் கடைந்து வாங்கி, நம் வளாகத்துப் பள்ளிச் சிறுவர்க்கு அளிப்போம். உடைந்தால் மீண்டும் வாங்குவோம். பேழைக்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கு போதும். தமிழ் மாணாக்கர் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லுங்கால், ஒவ்வொரு பொருளும் அவ்வூரில் பெறும் பெயரையும், அதனை ஆடும் முறையையும், எண்ணிப் பாடும் பாட்டையும் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வருவாராக. அவ்வேடு இல்லாத பேழை மரத்துண்டுகளின் கிடங்கேயாம்.

நண்பர் இன்னும் முற்றும் இசைந்திலர். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்றை மட்டும் வேண்டுமாயின் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதியுள்ளார். எவ்வளவு தள்ளினாலும் அது எழுந்து நிற்குமாம்.