மழை பொய்ச்சது, முருங்கை பொய்க்கலை

2016 ஐப்பசி, கார்த்திகையில் மழை ஏமாற்றியதில் இருந்து டீக்கடையிலும் டிவியிலும் ஒரே பேச்சுதான். "மழை இல்லை, அதனால விவசாயம் இல்லை." இதில் முதல் பாதி உண்மை. அடுத்த பாதி முழுசா உண்மை இல்லை. அந்த அடுத்த பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும். நம்ம ஆட்களுக்கே கோபம் வரலாம். வந்தா வரட்டும். ஆடி பிறந்தாச்சு, இப்பச் சொல்லாம வேற எப்பச் சொல்றது?

முதலில் உண்மையான பாதி. 2016 வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 168 மில்லிமீட்டர். வழக்கமாக 440 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்ய வேண்டும். நூற்றுக்கு 62 பங்கு குறைச்சல். 2017 ஜனவரி 10-ம் தேதி 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காய்த்துக்கொண்டிருந்த தென்னைகள் மட்டை தொங்கிப் பட்டுப்போயின. நம்ம விவசாயிங்க டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நாடே பார்த்தது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

டெல்டாக்காரங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை 2016 மாதிரி செப்டம்பர் 20-ல் திறந்தால் அவங்க என்ன பண்ணுவாங்க? அது காவிரிப் பிரச்சினை, வேற கதை. நான் பேசுவது கிணற்றையும் போரையும் நம்பிக் காய்கறியும் பழமும் வைக்கிற, எங்களை மாதிரி மேட்டாங்காட்டுக்காரங்களைப் பற்றி மட்டும்.

எங்க ஊர் அரவக்குறிச்சிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற வறண்ட பூமி. இங்கே அந்த வறட்சி வருசம் விளைஞ்சது என்னன்னு கேளுங்க. மர முருங்கை வழக்கத்தில் முக்கால் பங்கு காய்த்தது. கொத்தவரை குறையே வைக்கவில்லை. சின்ன வெங்காயம் மாசியில் பிடுங்கிப் பட்டறை போட்டவங்க 2017 ஆடியில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்றாங்க. வேலியோரத்து எலந்தையும் சீத்தாவும் யாரையும் ஒரு சொட்டுத் தண்ணி கேட்கவில்லை. நெல்லி காய் சிறுத்தது, ஆனால் காய்த்தது. எங்க தோட்டத்தில் தண்டுக்கீரை சித்திரை வெயிலில்கூட அறுப்புக்கு வந்தது.

இதில் மந்திரம் ஒண்ணும் இல்லை. முருங்கைப் பூவுக்கு மழைதான் எதிரி. பூக்கிற நேரத்தில் பெய்தால் பூவெல்லாம் தரையில் கிடக்கும். 2015-ல் மழை கொட்டித் தீர்த்ததே, அந்த வருசம் எங்க பக்கம் முருங்கை மரத்தடி வெள்ளைப் பாய் விரிச்ச மாதிரி கிடந்தது. வெங்காயமும் அப்படித்தான். ஈரம் கூடினால் திருகல், அழுகல். கொத்தவரைக்கு வேர் ஆழமாக இறங்கும். ராஜஸ்தான் மணல்காட்டில் பெருவாரியாக விளைகிற பயிர் அது, நம்ம ஊர் வெயில் அதுக்கு ஒரு பொருட்டா? எலந்தை கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். மழை வந்ததும் எழுந்திருக்கும். இந்தச் செடிகளுக்கெல்லாம் பஞ்சம் புதுசில்லை.

எல்லாமே தப்பிச்சதுன்னு சொல்ல வரவில்லை. வறண்ட வருசத்தில் பூஞ்சாண நோய் குறையும், சாறு உறிஞ்சுகிற பூச்சி கூடும். வெண்டையில் வெள்ளை ஈ ஏறி மஞ்சள் தேமல் வந்து காடே வெளுத்தது. மிளகாயில் இலைப்பேன் ஏறி நுனியெல்லாம் சுருண்டது. மழை குறைவான வருசம்னு தெரிஞ்ச பிறகும் வெண்டையும் மிளகாயும் வைத்தவங்களுக்கு விதைக் காசுகூட வரவில்லை. அப்போ, ஒரே வானத்துக்குக் கீழே ஒரு காடு விளையுது, ஒரு காடு விளையலைன்னா, வானத்தை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்?

கணக்குப் போடுவோம் வாங்க. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,047 லிட்டர். 168 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 6 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். அத்தனையும் கிணற்றுக்கு வராது. ஓடினது, ஆவியானது போகத்தான் மீதி. சின்ன வெங்காயத்துக்கு முழுப் பருவத்துக்கும் குறைந்தது 350 மில்லிமீட்டர் வேணும், அதாவது 14 லட்சம் லிட்டர். வாழைக்குக் குறைந்தபட்சமே 1,200 மில்லிமீட்டர், 48 லட்சம் லிட்டர். கரும்புக்கு 1,500-ல் ஆரம்பம், 60 லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். நாலு ஏக்கர் காட்டில் விழுந்த மழையைச் சேர்த்து ஒரு ஏக்கர் வெங்காயத்தை எடுக்கலாம். ஒரு ஏக்கர் வாழையை எடுக்க ஏழு ஏக்கர் மழையும் முழுசாச் சேரணும். ஏழு ஏக்கர் மழையை ஒரு கிணறு எப்படிக் கொடுக்கும்?

நம்ம ஊர்ப் பழக்கம் என்ன? மார்கழியில் கிணற்றை எட்டிப் பார்க்கிறோம். தண்ணி மினுமினுங்குது. மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடுது. உடனே கன்று இறக்கிவிடுகிறோம். அந்தப் பயிர் தண்ணி குடிக்கப்போறது மார்கழியில் மட்டும் இல்லை, சித்திரையிலும்தான் என்கிற நினைப்பே வருவதில்லை.

எங்க தோட்டத்தில் நான் வைத்திருக்கிற விதி ஒண்ணே ஒண்ணு. மார்கழித் தண்ணிக்கு நடாதே, சித்திரைத் தண்ணிக்கு நடு. எங்க கிணற்றில் சித்திரையில் நாற்பது நிமிசம்தான் மோட்டார் ஓடும். மணிக்கு இருபதாயிரம் லிட்டர்னு வைத்தால் ஒரு நாளைக்குப் பதிமூணாயிரம் லிட்டர். நாற்பது சென்ட் காய்கறிக்குச் சொட்டுநீரில் தினம் எட்டாயிரம் போகும். மீதி ஐயாயிரம் இருநூத்திச் சொச்சம் முருங்கை மரத்துக்கு. முடிஞ்சது கணக்கு. அதனால கொத்தவரை இருபத்தைஞ்சு சென்ட், தக்காளி பதினஞ்சு சென்ட், அதுக்கு மேல் ஒரு சென்ட் இல்லை. வெங்காயம் முப்பது சென்ட், அதுவும் தண்ணி இறங்குவதற்கு முன்னாடி மாசியில் காட்டைவிட்டு வெளியே வந்துவிடணும். செடி அடியில் சோளத்தட்டு மூடாக்கு. தண்ணி விடுவது பொழுது சாய்ந்த பிறகு. மூணு ஏக்கரைச் சும்மா போட்டுவிட்டேன்.

அந்த மூணு ஏக்கருக்காக நான் வாங்கின பேச்சு கொஞ்சமா? "ஏன்டா மாப்ளே, கெணத்துல தண்ணி கெடக்குது, காட்டைத் தருசாப் போட்டு வெச்சிருக்கியே, உனக்கென்ன கிறுக்கா?"ன்னு கேட்ட சொந்தக்காரர் ஒருத்தர். "சித்தப்பா, அது சித்திரைக்குங்க"ன்னு சொன்னதுக்குச் சிரிச்சாரு. பங்குனியில் அவர் தோட்டத்தில் போர் வண்டி நின்னுச்சு. ஆயிரம் அடி. லட்சத்துக்கு மேல செலவு. புகைதான் வந்தது. இதில் எனக்குச் சந்தோசம் கிடையாது. அவர் கடன் எங்க குடும்பத்துக் கடன் மாதிரிதான்.

ஆனா அந்தப் போர் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வறட்சி வருசத்தில் நிச்சயமா லாபம் பார்க்கிற ஒரே ஆள் போர் வண்டிக்காரன்தான். தண்ணி வந்தாலும் காசு, வராவிட்டாலும் காசு. முன்னூறு அடியில் இருந்த தண்ணியை அறுநூறுக்குத் துரத்தினது யாரு? ஆளுக்கொரு போர் போட்ட நாமதான். என் போரில் வருகிற தண்ணி எனக்காகத் தனியாக ஊறினது இல்லை, பக்கத்துக் காட்டு அடியில் இருந்தும்தான் வருது. போட்டிக்குத் தோண்டினால் கடைசியில் எல்லார் குழாயிலும் காத்துதான்.

சொட்டுநீர் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75 சதவீதம். நல்ல திட்டம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா நாம என்ன பண்றோம்? சொட்டுநீர் போட்டதில் தண்ணி மிச்சமாச்சுன்னு இன்னொரு ஏக்கர் நடுறோம். அப்புறம் மிச்சம் எங்கே இருக்கு? குழாய் மிச்சப்படுத்திக் கொடுக்கும், நட்ட பரப்பைக் குறைச்சுக் கொடுக்காது. அது நம்ம கையில் இருக்கு.

இப்போ அரசாங்கத்துக்கு வருவோம். பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தாங்க. மூணில் ஒரு பங்குக்கு மேல பயிர் போயிருந்தால்தான் கிடைக்கும். நட்டமானவங்களுக்குக் கொடுத்தது தப்பே இல்லை, இன்னும் கூடக் கொடுத்திருக்கணும். என் கேள்வி வேற. தண்ணியைக் கணக்குப் பார்த்து மூணு ஏக்கரைச் சும்மா போட்டு, ஊர் நிலத்தடி நீரில் கை வைக்காமல் இருந்தவனுக்கு என்ன? ஒண்ணும் கிடையாது. பயிர் வைக்காத நிலத்துக்கு நட்டம் ஏதுங்கிறாங்க. அதாவது, தாங்காத பயிரை வைத்துக் கருகவிட்டால் கணக்கில் வருவான். தாங்குகிற அளவுக்கு நட்டால் கணக்கிலேயே வரமாட்டான். கடனும் இதே மாதிரிதான். வாழைக்கு ஏக்கருக்கு இவ்வளவு, கரும்புக்கு இவ்வளவுன்னு கட்டு இருக்கு. தண்ணி அதிகம் குடிக்கிற பயிருக்குக் கடனும் அதிகம். பேங்கில் போய் கொத்தவரைக்குக் கடன் கேட்டுப் பாருங்க, ஒரு மாதிரியாப் பார்ப்பாங்க.

அடுத்து, "வறட்சியிலும் லட்சம் அள்ளிய விவசாயி" கதைகள். தயவுசெய்து இந்தப் பதிவை அந்தக் கணக்கில் சேர்க்காதீங்க. அந்த வருசம் முருங்கைக்கும் வெங்காயத்துக்கும் விலை ஏன் ஏறினது? பக்கத்துக் காட்டில் விளையலை, அதனால ஏறினது. என் மடியில் விழுந்த காசில் பாதி இன்னொருத்தர் நட்டத்தில் இருந்து வந்தது. அதைச் சாதனைன்னு போட்டோ போட எனக்கு மனசு வராது. மழை நல்லா இருந்து எல்லாரும் முருங்கை வைத்த வருசத்தில் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டதும் இதே ஊர்தான். அதனால எல்லாரும் நாளைக்கே முருங்கைக்கு மாறுங்கன்னு நான் சொல்லவில்லை. மாறினால் விலை செத்துப்போகும். பயிரை மாத்துவதைவிட முக்கியம், பரப்பைக் குறைப்பது.

இதுக்கு என்ன வழி? எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கார்த்திகை கடைசியில், நடவுக்கு முன்னாடி, ஊருக்கு ஊர் கிணற்றில் தண்ணி எத்தனை அடி இருக்குன்னு அளந்து பஞ்சாயத்துச் சுவரில் எழுதிப் போடணும். இதுக்கு ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும், திட்டம் வேண்டாம். மழை குறைஞ்ச வருசத்தில் நிலத்தைச் சும்மா போடுகிறவனுக்கும் நிவாரணத்தில் ஒரு பங்கு கொடுக்கணும். காய்ந்த பிறகு கொடுக்கிற காசில் கொஞ்சத்தைக் காயாமல் இருக்க முன்னாடியே கொடுத்தால், பாதிப் பேர் போர் வண்டியைக் கூப்பிடவே மாட்டாங்க. தண்ணி குறைவாகக் கேட்கிற காய்கறிக்குக் கடனில் முன்னுரிமை வேணும். கொத்தவரை, முருங்கை, கீரை விலை விழுகிற நாளில் சத்துணவுக் கூடத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும், பிள்ளைகளும் நல்லதைச் சாப்பிடும்.

பட்டணத்தில் இருந்து படிக்கிறவங்களுக்கும் ஒண்ணு. விவசாயி வாழ்கன்னு வாட்ஸ்அப்பில் போடுறீங்க, சந்தோசம். கடைக்குப் போனால் கொத்தவரங்காயைத் தாண்டிப் போறீங்க. கசக்கும்னு சொல்றீங்க. பிஞ்சாப் பார்த்து வாங்கிப் பருப்பு உசிலி பண்ணிப் பாருங்க, அப்புறம் பேசுங்க. வறண்ட பூமியில் எது விளையுமோ அதை நீங்க வாங்கினால்தான் நாங்க அதை நட முடியும். நீங்க வருசம் முழுக்க முட்டைக்கோசும் வாழைப்பழமும் கேட்டால் நாங்க ஆயிரம் அடிக்குத் தோண்டிக்கிட்டேதான் இருப்போம்.

ஆடிப்பட்டம் வந்தாச்சு. மேற்கே ரெண்டு நாளாக் கருக்கல் கட்டுது. பெய்தால் நல்லது, எல்லாருக்கும் பெய்யட்டும். ஆனா விதை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கிணற்றுக்குப் போய்க் கயிறை விட்டுப் பாருங்க. எத்தனை அடி இருக்கோ அதைக் கீழே எழுதுங்க, ஊர்ப் பெயரையும் சேர்த்து. கார்த்திகையில் மறுபடி அளந்து எழுதுவோம். எவ்வளவு நடலாம்னு அப்போ பேசுவோம்.