டப்பா வேகமும் அப்பா டிவியும்

நியூ ஜெர்சி தம்பி அடுத்த மாசம் செம்பூர் வர்றான். அப்பாவுக்கு ஒரு நெட்வொர்க் ட்யூனர் வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்கிறான். ஆன்டெனாவில் பிடிக்கிற சேனலை வீட்டு நெட்வொர்க் வழியா எல்லாத் திரைக்கும் அனுப்பும் டப்பா. "ஆனா 100 எம்பிபிஎஸ் போர்ட்தான்ணே, கிகாபிட் இல்ல" என்று கவலை வேறு.

அட, அது தாராளம்டா. அமெரிக்க ஒளிபரப்பில் ஒரு அலைவரிசையை முழுசா எடுத்தாலே 19.39 எம்பிபிஎஸ்தான். நாலு ட்யூனர் ஒரே நேரத்தில் ஓடினாலும் 77 சொச்சம். படம் திக்கினால் முதலில் வைஃபையைப் பாருங்க மக்கா, டப்பாவைத் திட்டாதீங்க.

சிக்கல் வேற இடத்தில். அந்த ஊர் டப்பாவுக்குத் தெரிஞ்சது ஏடிஎஸ்சி. தூர்தர்ஷன் 2016-ல் மும்பை உட்பட 16 நகரங்களில் தொடங்கியதோ டிவிபி-டி2. ஆக, இங்கே அது வெறும் டப்பா! பொருந்துற டப்பாவே கிடைச்சாலும், மாதுங்காவில் எவ்வளவு தமிழ் கேட்டாலும் வானலைக்கு இது மராத்தி ஊர்தான்.

மராத்தி தெரியாத அப்பாவுக்கு வேண்டியது டிடி தமிழ் (எனக்கு இன்னும் பொதிகைதான்). அது டிடி ஃப்ரீ டிஷ்ஷில் மாதச் சந்தா இல்லாமலே வருது. மொட்டை மாடியில் டிஷ் வைக்க சொசைட்டி செயலாளரிடம் கேட்டிருக்கேன். அந்த அனுமதி எத்தனை எம்பிபிஎஸ்ஸில் வருமோ :-)