ஒரே நாளில் ஒரு நாடா?

தேர்வு முடிந்துவிட்டால் நம் பல்கலைக்கழக உணவங்காடியில் காதில் விழும் பேச்செல்லாம் பயணத்தைப் பற்றியதுதான். "பத்து நாளில் ஆறு நாடு போகிறோம்" என்று ஒருவர் சொன்னால், "நாங்கள் எட்டு நாடு" என்று அடுத்தவர் மார்தட்டுகிறார். இந்தப் பட்டியல்களில் சில நாடுகளுக்கு அரை நாள்தான் ஒதுக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கும் மாண்டினீக்ரோ. பக்கத்து நாடான குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரில் தங்கி, காலையில் பேருந்து ஏறி, கோத்தோர் நகரில் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டு, இரவுக்குள் திரும்பிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஏன் என்று கேட்டால், "சின்ன நாடுதானே, அரை நாள் போதாதா?" என்கிறார்கள்.

போதாது என்பதே என் கருத்து. கடந்த மே மாத விடுமுறையில் நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் அந்நாட்டில் ஒன்பது நாட்கள் பேருந்திலும் ரயிலிலும் படகிலும் நடந்தும் சுற்றினோம். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். மலை நிறைந்த ஒரு சிறிய நாட்டைப் பரப்பளவை வைத்து அளக்கக்கூடாது. அங்கே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதுதான் சுற்றிப்பார்ப்பதே. போகும் வழியைச் சுருக்கினால், பார்க்க வந்ததையே சுருக்கிக்கொள்கிறோம்.

முதலில் சில விவரங்கள். மாண்டினீக்ரோவின் பரப்பளவு ஏறக்குறைய 13,800 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் சுமார் 19 மடங்கு. மக்கள்தொகையோ சுமார் 620,000தான், நம்மில் பத்தில் ஒரு பங்கு. 2006ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 55.5 விழுக்காட்டினர் ஆதரித்ததால் செர்பியாவிடமிருந்து பிரிந்து தனிநாடானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாமலேயே யூரோ நாணயத்தைப் பயன்படுத்தும் நாடு அது. 'மாண்டினீக்ரோ' என்பது வெனிஸ் நகரத்தார் வழியாக வந்த பெயர். அந்நாட்டு மக்கள் தங்கள் மொழியில் 'ட்ஸ்ர்னா கோரா' என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: கருமலை.

பெயரிலேயே மலை இருக்கிறது. ஆனால் நிலப்படத்தைப் பார்க்கும்போது அந்த மலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாசிர் ரிஸில் பெருவிரைவு ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீவின் மறுகோடியான துவாஸில் இறங்கிவிடும் நமக்கு, தூரமும் நேரமும் ஒன்றுதான். கருமலையில் அந்தக் கணக்கு செல்லாது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கடலோரக் கோத்தோருக்கும் மலைமேல் உள்ள பழைய அரசத் தலைநகர் சேத்தினியேவுக்கும் இடையே நேர்க்கோட்டில் பார்த்தால் சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையோ அதைப்போல் மூன்று மடங்கு நீளம். கடல் மட்டத்திலிருந்து தொடங்கி 25 கொண்டைஊசி வளைவுகள் வழியாக ஏறுகிறது அது. அந்த மலைச்சரிவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சியினர் அமைத்த பாதை. அதற்கு முன்பு கோவேறு கழுதைகள் ஏறிய ஒற்றையடிப் பாதைதான்.

அந்த வளைவுகளில் ஏறும்போது ஒன்று புரிந்தது. கீழே கடற்கரை நூற்றாண்டுக் கணக்கில் வெனிஸ் நகரத்தாரிடம் இருந்தது. சுற்றிலும் உஸ்மானியப் பேரரசு பரவியிருந்தது. நடுவில் இந்தச் சின்னஞ்சிறு மலைமக்கள் தங்களுக்கென ஓர் ஆட்சியை வைத்துக்கொள்ள முடிந்தது என்றால், அதற்கு இந்தச் செங்குத்தான மலையே அரண். ஒவ்வொரு வளைவிலும் பேருந்து திணறித் திரும்பும்போது நம் உடலே அதைத் தெரிந்துகொள்கிறது. இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிடலாம். ஆனால் அந்த வரி இவ்வளவு தெளிவாகப் பதியாது.

மேலே போனால் இன்னும் வியப்பு. லோவ்ச்சென் மலையில் 1,657 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்தின் உச்சியில் ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. 461 படிகள் ஏறிப் போக வேண்டும். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் நியேகோஷ். 1851இல் மறைந்த இவர் அந்நாட்டின் ஆயர், ஆட்சியாளர், அதோடு தலைசிறந்த கவிஞர். தங்கள் மலையின் உச்சியை ஒரு கவிஞருக்குக் கொடுத்திருக்கும் நாடு இது! சேத்தினியேவுக்கு மொழி ஆர்வலர்கள் அறிய வேண்டிய இன்னொரு பெருமையும் உண்டு. தென் ஸ்லாவிய மக்களிடையே சிரில்லிக் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் 1494இல் இங்குதான் வெளிவந்தது. நம் தமிழின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578இல் என்பதை நினைத்துப் பாருங்கள். அரை நாள் பயணிகள் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. பேருந்து அவர்களைக் கடற்கரையிலேயே இறக்கிவிட்டு, கடற்கரையிலிருந்தே ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது.

அடுத்து ரயில். கடலோரத் துறைமுகமான பார் நகரிலிருந்து செர்பியத் தலைநகர் பெல்கிரேடு வரை 476 கிலோமீட்டர் நீளும் ரயில்பாதை 1976இல் திறக்கப்பட்டது. அதில் 254 சுரங்கங்கள், 435 பாலங்கள். தலைநகர் போத்கோரிட்சாவில் ஏறினால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் கோலாஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இடையில் மாலா ரியேக்கா என்ற பாலம் வருகிறது. பள்ளத்தாக்கிலிருந்து 198 மீட்டர் உயரம். 2001இல் சீனாவில் இதைவிட உயரமான ஒன்று கட்டப்படும் வரை, உலகிலேயே மிக உயரமான ரயில் பாலம் இதுதான். நம் புக்கிட் தீமா குன்றை அப்படியே தூக்கி அந்தப் பள்ளத்தாக்கில் வைத்தாலும் பாலத்தின் தண்டவாளத்தைத் தொடாது. அந்த ரயில் பழையது, வேகம் குறைவு. எங்கள் பெட்டியில் சந்தைக்குப் போய்த் திரும்பும் பாட்டிமார்கள் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்தின் இருட்டு, வெளிச்சம், பள்ளத்தாக்கு, மறுபடி இருட்டு என்று மாறி மாறி வந்தபோது நாங்கள் இருவரும் கைத்தொலைபேசியை மறந்து சன்னலோரம் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

சரி, எல்லோரும் போகும் கோத்தோர் பார்க்கத் தகுந்ததில்லையா? ஐயமின்றித் தகுந்ததுதான். 1979 ஏப்ரல் 15ஆம் தேதி ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் நொறுங்கி, மறுபடி கட்டி எழுப்பப்பட்ட பழைய நகரம் அது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலிலும் அப்பகுதி சேர்க்கப்பட்டது. நகரின் பின்னால் மலைமேல் ஏறும் கோட்டைக்குச் சுமார் 1,350 படிகள். பத்துமலையின் 272 படிகளில் மூச்சு வாங்கியவர்கள் அதை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். நாங்கள் காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். மேலே ஆளரவமே இல்லை. கீழே இறங்கி வந்தபோது மதிலுக்கு எதிரே ஒரு பெரிய உல்லாசக் கப்பல் வந்து நின்றிருந்தது. குறுகலான சந்துகளில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியவில்லை. மாலையில் கப்பல் போனதும் ஊர் மறுபடி மூச்சுவிட்டது.

இங்கேதான் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். கப்பலில் உறங்கி, கப்பலில் உண்டு, சில மணி நேரம் மட்டும் ஊருக்குள் வந்துபோகும் பயணியால் அந்த ஊருக்குக் கிடைப்பது என்ன? கூட்டமும் குப்பையும் ஊருக்கு. பெரும்பகுதிப் பணம் கப்பலுக்கு. ஆனால் ஊரில் இரண்டு இரவு தங்குபவர் ஒரு குடும்பத்தின் வாடகை அறையில் தங்குகிறார். அவர்களுடைய கடையில் ரொட்டி வாங்குகிறார். சோள மாவையும் உருளைக்கிழங்கையும் கிளறிப் பாலாடைக்கட்டி சேர்த்துப் பரிமாறும் 'கச்சமாக்' என்ற உணவைச் சாப்பிட்டு, "அட, இது நம் களியல்லவா!" என்று வியக்கிறார். ஒரு சிறிய நாட்டுக்கு விருந்தாளிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எப்படி வந்தார்கள் என்பதே முக்கியம்.

என் கருத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "வளைந்து வளைந்து போகும் பாதையை நீ ரசிக்கிறாய், அங்கே வாழ்பவர்களுக்கு அது ரசனையா?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. 2013 ஜூன் மாதம் மொராச்சா பள்ளத்தாக்கில் ருமேனியச் சுற்றுப்பயணிகளின் பேருந்து ஒன்று கவிழ்ந்து விழுந்ததில் 18 பேர் மாண்டார்கள். அப்பாதையில்தான் வடபகுதி மக்கள் மருத்துவமனைக்கும் வேலைக்கும் தலைநகருக்குப் போய்வந்தார்கள். அந்நிலையை மாற்றவே 2014இல் சீன வங்கியிடம் ஏறக்குறைய 944 மில்லியன் டாலர் கடன் வாங்கி, பாலங்களும் சுரங்கங்களுமாக 41 கிலோமீட்டர் விரைவுச்சாலை கட்டினார்கள். 2022 ஜூலையில் அது திறக்கப்பட்டது. கடன் சுமை பெரிது என்று பலரும் குறை சொன்னார்கள். ஆனாலும் பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காரில் வைத்துக்கொண்டு போகும் ஒருவருக்கு அந்தச் சாலையின் அருமை தெரியும். நான் அச்சாலைக்கு எதிரியல்ல. வேகம் அங்கே வாழ்கிறவர்களின் தேவை. அதற்கான விலையையும் அவர்களே கொடுக்கிறார்கள். பார்க்க மட்டுமே போகும் நமக்கு என்ன அவசரம்? அதுதான் என் கேள்வி. 2023இல் கோத்தோர் அருகிலிருந்து லோவ்ச்சென் மலைக்குக் கேபிள் கார் வந்துவிட்டது. சுமார் 11 நிமிடத்தில் மேலே போய்விடலாம். முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அது வரப்பிரசாதம். இருபது வயதில் கால்கள் திடமாக இருக்கும் நாம் ஒரு முறையாவது வளைவுகளின் வழியே ஏறிப் பார்க்கலாமே!

போக விரும்பும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். தினமும் பெட்டி கட்டாதீர்கள். கடற்கரையில் ஓர் ஊர், மலையில் ஓர் ஊர் என இரண்டு இடங்களில் தங்குங்கள். கடற்கரைக்குக் கோத்தோர் அல்லது அருகிலுள்ள பெராஸ்ட். மலைக்கு, துர்மித்தோர் தேசியப் பூங்காவையொட்டிய ஜாப்ளியாக். அங்கிருந்து சுமார் 1,300 மீட்டர் ஆழமுள்ள தாரா பள்ளத்தாக்கையும் பார்க்கலாம். ஊர்களுக்கிடையே பேருந்துகள் ஓடுகின்றன. பெரிய பெட்டியை அடியில் வைக்க ஓட்டுநரிடம் தனியாகச் சில்லறை கொடுக்க வேண்டியிருக்கும்; சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவின் குறுகிய வாயிலைக் கடக்கும் படகு, சுற்றிப் போகும் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. குரோஷியா 2023இல் ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டதால் எல்லையில் சோதனை கடுமை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் நீண்ட வார இறுதி வரிசை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை! அரை நாள் பயணத்தில் அந்த வரிசைக்கே பாதி நேரம் போய்விடும்.

அந்நாட்டில் நாங்கள் அடிக்கடி கேட்ட சொல் 'பொலாகோ'. 'மெதுவாக' என்று பொருள். பேருந்து தாமதமா, பொலாகோ. காப்பி வரவில்லையா, பொலாகோ. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தானே! பெராஸ்ட் ஊருக்கு எதிரே கடலில் ஒரு செயற்கைத் தீவு இருக்கிறது. 1452இல் பாறைமேல் கன்னிமரியாளின் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டதாக நம்பிய கடலோடிகள், அங்கே கல் கல்லாகக் கொண்டுவந்து போட்டு உருவாக்கிய தீவு அது. இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22ஆம் தேதி மாலையில் படகுகளில் வரிசையாகப் போய்க் கல் போடுகிறார்கள். அவ்வளவு பொறுமையோடு உண்டான ஓரிடத்தை ஐந்து நிமிடத்தில் படம் பிடித்துத் திரும்புவதில் என்ன பெருமை இருக்கிறது?

நண்பர்களே, நம் சிங்கப்பூரைப் பற்றி வெளிநாட்டவர் சிலர் என்ன சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். "சின்ன நாடு, விமானம் மாறும் இடைவேளையில் ஒரு நாள் போதும், மெர்லயன் சிலையைப் பார்த்தாயிற்று" என்பார்கள். அதைக் கேட்டால் நமக்குச் சுருக்கென்று இருக்கிறது. தேக்காவின் காலைச் சந்தையும், வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் திருமணமும், நம் பாட்டன்மார் உழைத்த துறைமுகமும் அந்த ஒரு நாளில் அவர்கள் கண்ணில் படவா போகின்றன என்று மனம் குமுறுகிறது. சிறிய நாட்டில் பிறந்த நமக்குத் தெரியாதா, சிறிய நாட்டை அளக்கும் முறை? அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும்போது நாடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள். எட்டு நாடு பார்த்தவர் திரும்பி வந்து எட்டுப் படம் காட்டுவார். ஒரு நாட்டை நிதானமாகப் பார்த்தவரிடம் மணிக்கணக்கில் சொல்வதற்குக் கதை இருக்கும்.