பட்டா இல்லாதவன் விவசாயி இல்லையா?

 

விவசாயி என்றால் சொந்த நிலத்தின் வரப்பில் நிற்பவன் என்றுதான் நாம் எண்ணுகிறோம். கிராமத்திற்குள் போய்ப் பாருங்கள். இரண்டு மாடு, நான்கு ஆடு, வாரத்திற்கோ குத்தகைக்கோ எடுத்த ஒரு துண்டு நிலம், அறுவடைக் காலத்தில் கூலி வேலை. பல குடும்பங்களின் சொத்தெல்லாம் இவ்வளவுதான். இந்தக் குடும்பங்களைத் தாங்கி நிற்பது ஊருக்குப் பொதுவான மேய்க்கால் நிலம். மாடு அங்கே மேய்ந்தால்தான் வீட்டிற்குப் பால், வயலுக்கு எரு. அடுப்புக்குச் சுள்ளியும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

அந்த நிலத்தையே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்திலுள்ள தேர்வாய் கண்டிகையைக் கேளுங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுக்கப்பட்டன. 2009இல் பிரான்ஸ் நாட்டு டயர் நிறுவனமான மிச்செலின் அங்கு ஆலை அமைக்கத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. மக்கள் போராடினார்கள், நீதிமன்றம் சென்றார்கள். 2012இல் பிரான்ஸ் வரை புகார் சென்றது. ஆலை நிற்கவில்லை.

அதோடு முடிந்ததா? இல்லை. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, சுமார் 380 கோடி ரூபாயில், அரை டி.எம்.சி. கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காகக் கட்டப்பட்டு 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. மேய்ச்சல் நிலம் ஆலைக்கு, ஏரித் தண்ணீர் சென்னைக்கு. தொழிற்சாலை வேண்டாம் என்றோ, சென்னை மக்கள் தாகத்தில் தவிக்கட்டும் என்றோ நாம் சொல்லவில்லை. இரண்டிற்கும் விலை கொடுத்த அந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்கிறோம்.

இங்கேதான் சட்டத்தின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பட்டா நிலத்தை எடுத்தால் அதற்குப் பெயர் கையகப்படுத்துதல். அதற்கு அறிவிப்பு உண்டு, இழப்பீடு உண்டு. மேய்க்காலோ புறம்போக்கு. ஏட்டில் அது அரசின் சொத்து. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றி ஓர் ஆணை போட்டால் போதும். மாடு மேய்த்தவனுக்கு நோட்டீசும் இல்லை, நயா பைசாவும் இல்லை.

2013ஆம் ஆண்டு மத்திய சட்டம் குத்தகைதாரரையும் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கிறது. சமூகத் தாக்க ஆய்வையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் தமிழகத்தில் தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி எடுத்தால் அந்த ஆய்வு தேவையில்லை. 2021இல் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாட்டைச் செல்லும் என்று கூறிவிட்டது. அதே உச்ச நீதிமன்றம்தான் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளர்களை அகற்றும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தனி ஆள் எடுத்தால் ஆக்கிரமிப்பு, அரசு எடுத்தால் வளர்ச்சியா?

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. மேய்ச்சல் புல்லை ஏழையின் உரிமையாக்கிய மார்க்கம் நம்முடையது. பொதுச் சொத்தைப் பறிகொடுக்கும் வேதனையும் நமக்குப் புதிதல்ல. வக்ஃபு நிலங்களும் கப்ருஸ்தான்களும் ஏட்டில் ஒரு வரி மாறியதால் கைவிட்டுப் போனதை நாம் கண்டிருக்கிறோம். எனவே தேர்வாய் மக்களின் குரல் நம்முடைய குரலும்தான்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது மூன்று. மேய்க்காலை மாற்றுவதற்கு முன் கிராம சபையின் ஒப்புதல் பெறுங்கள். அதை நம்பி வாழ்ந்த நிலமற்ற குடும்பங்களைக் கணக்கெடுத்து இழப்பீடு கொடுங்கள். அந்த மண்ணில் எழும் ஆலையில் அவர்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சியோடு நிரந்தர வேலை கொடுங்கள். காண்ட்ராக்ட் கூலி வேண்டாம்.

சகோதரர்களே! உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கும். மேய்க்கால் எத்தனை ஏக்கர், ஏரி எவ்வளவு, கப்ருஸ்தான் எந்த சர்வே எண் என்று பார்த்து நகல் எடுத்து வையுங்கள். அடுத்த கிராம சபைக்கு ஜமாஅத்தார் போய் உட்காருங்கள். பக்கத்துச் சேரி மக்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஆணை வந்தபின் ஆர்ப்பாட்டம் செய்வதைவிட, அது வருமுன் தீர்மானம் போடுவது மேல்.

உழைப்பவனின் உரிமையைக் காக்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக!