பாம்புக்கும் வம்சாவளி நோட்டு வேணும்

போன பதிவில் காங்கேயம் காளை பற்றி எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டு அடையாறில் இருக்கிற எங்க அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, நீங்க மாட்டுக்குப் பார்க்கிற மாதிரிதான் நாங்க பாம்புக்கு லைன் பார்க்கிறோம்"னு சொன்னான். அவன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

அவன் வளர்க்கிறது பால் பைதான். குடிக்கிற பால் இல்லைங்க, பந்து. பயந்தா தலையை உள்ளே வச்சுப் பந்து மாதிரி சுருண்டுக்கும். கானா, டோகோ, பெனின் பக்கத்து ஆப்பிரிக்கப் பாம்பு. நம்ம ஊர் மலைப்பாம்பையோ சாரையையோ வீட்டில் வைக்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. பாம்பு பார்க்க மட்டும் ஆசைன்னா கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கு, போய்ப் பார்த்துட்டு வரலாம்.

இந்தப் பாம்பில் நிறத்துக்கு ஒரு பேரு, பேருக்கு ஒரு விலை. அல்பினோன்னு ஒரு நிறம். 1992-ல் அமெரிக்காவில்தான் அதை முதல்ல வளர்ப்பில் பொரிக்க வச்சாங்க. அப்பன், ஆத்தா ரெண்டு பக்கமும் அந்தக் குணம் வந்தாத்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்த குட்டி சாதாரணப் பாம்பு மாதிரியே இருக்கும், ஆனா உள்ளே சுமந்துக்கிட்டு இருக்கும். அதை 'ஹெட்'னு சொல்லி விலை கூட்டி விக்கிறாங்க. நாள் பூரா உத்துப் பார்த்தாலும் அது ஹெட்டா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியாது. அப்பன் ஆத்தா யாருன்னு எழுதின நோட்டைத்தான் நம்பணும்.

மாட்டிலும் இதே கதைதான். காங்கேயம் கன்னு பிறக்கிறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசம் போல ஆனா சாம்பலுக்கு மாறும். நிறத்தை வச்சு என்ன முடிவு பண்ணுவீங்க? பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டு மாடுன்னா ஒரு மரியாதை இருக்குன்னா, எந்தப் பசுவுக்கு எந்தக் காளை சேர்ந்ததுன்னு தலைமுறை தலைமுறையா கவனிச்சதாலதான்.

இங்கேதான் மாப்பிள்ளையோட எனக்கு ஒத்துப்போகலை. சென்னையில் கைமாறுற பாம்புக்கு அந்த நோட்டு எங்கே? 2023 ஏப்ரலில் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணோட பெட்டியில் 22 பாம்பும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டது. டப்பாவில் அடைச்சு வர்ற பாம்போட அதோட பாட்டன் பூட்டன் விவரமும் வருமா? 2020-ல் மத்திய அரசு, வெளிநாட்டுப் பிராணி வச்சிருக்கிறவங்க ஆறு மாசத்துக்குள்ள தானா வந்து சொல்லிட்டா எங்கேயிருந்து வந்ததுன்னு காகிதம் கேக்க மாட்டோம்னு சொல்லுச்சு. அதில் பதிஞ்ச பாம்புக்குச் சொந்தக்காரன் கிடைச்சான், வம்சம் கிடைக்கலை. ஆனா விக்கிறப்ப மட்டும் அமெரிக்க லைன், ஐரோப்பிய லைன்னு வாய்கூசாம சொல்றாங்க.

இன்னொண்ணு, ஸ்பைடர்னு ஒரு வகை. சிலந்தி வலை மாதிரி கோடு, பார்க்க அழகு. அத்தனையும் 1999-ல் ஆப்பிரிக்காவிலிருந்து போன ஒரே ஒரு பாம்போட வழி. அந்த வழியில் வர்றதுக்கெல்லாம் தலை ஆடும். சிலதுக்குக் கொஞ்சம், சிலது மல்லாந்து திருகிக்கும், இரையைக் கவ்வப் போனா குறி தப்பும். நிறத்தோட கூடவே வர்ற கோளாறு அது, தீனியாலயோ வைத்தியத்தாலயோ மாறாது. எங்க பக்கம் ஒரு காளைக்குப் பிறக்கிற கன்னு இப்படி இருந்தா, அந்தக் காளையை அதோட நிறுத்திடுவோம். தலை ஆடுற வம்சத்தைக் காசுக்காகப் பெருக்கிட்டு, அதுக்குப் 'பாதுகாப்பு'ன்னு பேரு வைக்கிறது எனக்கு எரிச்சலா இருக்கு.

2022-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. 2024-ல் வந்த விதிப்படி இந்த மாதிரிப் பிராணிகளைப் பரிவேஷ் தளத்தில் பதியணும், பிறப்பு, இறப்பு, கைமாறுறது எல்லாம் தெரிவிக்கணும். தொல்லைன்னு மாப்பிள்ளை புலம்புறான். ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் அலைஞ்சவன் நான், எனக்கு இது தொல்லையாத் தெரியலை. லைன் காப்பாத்துறவனுக்கு அது தானா பண்ண வேண்டிய வேலை.

அதுக்கு மேல வீட்டிலும் ஒரு நோட்டு போடுங்க. எத்தனை முட்டை, எத்தனை பொரிச்சது, எது ஊனம், எது யாருக்குப் போச்சு. அப்பன் தெரியலைன்னா 'தெரியாது'ன்னே எழுதுங்க. ஸ்பைடர் வச்சிருக்கிறவங்க அதை நல்லபடியா வச்சுக் காப்பாத்துங்க, ஜோடி மட்டும் சேர்க்காதீங்க.